மகிழுந்து: மகிழ்வது யார்?

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கெல்லாம் பழக்கமான சொல் 'மகிழுந்து'. வீட்டில் கார் என்று பேசுவோம்; கட்டுரை ஏட்டில் மகிழுந்து என்று எழுதுவோம். பலரை ஏற்றிச் செல்வது பேருந்து, சரக்கை ஏற்றிச் செல்வது சரக்குந்து, மகிழ்ந்து செல்வதற்கு உரியது மகிழுந்து. இச்சொல்லை ஆக்கியவர்கள் அந்த ஊர்தியின் பயனை மகிழ்ச்சி என்று கண்டார்கள். ஆனால், மகிழ வேண்டியவர் ஓட்டுபவரா, பார்ப்பவரா என்பதை அச்சொல் நமக்குச் சொல்லவில்லை.

இந்தக் கேள்வி எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்றாலும், ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, பெரிய இயந்திரம், உறுமும் புகைபோக்கி. பின்னிருக்கையில் பாட்டியை உட்கார வைக்க முடியாது, தீபாவளிச் சாமான் வாங்கினால் வைக்க இடமில்லை. இவ்வளவு குறைகள் இருந்தும் நம் வயதுடைய பலரின் கைப்பேசித் திரையில் இருக்கும் படம் அதுதான். பட்டம் வாங்கி வேலையில் சேரும் முதல் சில ஆண்டுகளில் நாம் எடுக்கும் மிகப் பெரிய பண முடிவு பெரும்பாலும் கார் பற்றியதாகவே இருக்கிறது. ஆகவே, இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்பது தகும்.

கார் மீது ஆசை கொண்டவர்களைக் கண்டிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. என் கருத்து இதுதான்: ஸ்போர்ட்ஸ் கார் என்பது, 'நான் இன்னார்' என்று முன்பின் தெரியாதவர்களுக்கு நாம் எழுதும் ஒரு மடல். எழுதுபவர் ஒன்றை நினைத்து எழுதுகிறார். படிப்பவர் வேறொன்றைப் படித்துக்கொள்கிறார். அஞ்சல் கட்டணத்தை மட்டும் எழுதியவரே பல ஆண்டுகள் செலுத்துகிறார். இந்த மடல் ஏன் எழுதப்படுகிறது, எப்படிப் படிக்கப்படுகிறது, அதன் விலை என்ன என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊர்தியும் உயர்வும்

ஊர்தியைக் கொண்டு மனிதரை அளப்பது புதிய பழக்கமன்று. சங்க காலத்து மன்னர்களின் பெருமையைச் சொல்லும்போது யானை, குதிரை, தேர் ஆகியவற்றின் எண்ணிக்கையும் சேர்ந்தே வரும். தேர் வைத்திருந்த மன்னர்கள் பலர். ஆயினும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பெயர் சொல்லும் தேர்க்காரர் ஒருவரே. அவர் பறம்பு மலையை ஆண்ட பாரி. அவர் தேரை ஓட்டியதற்காக அன்று, ஒரு முல்லைக் கொடிக்காக அதை விட்டுவிட்டு வந்ததற்காகவே நினைக்கப்படுகிறார்.

நவீன காலத்தில் இப்பழக்கத்தை ஆராய்ந்து அதற்கு ஒரு பெயர் கொடுத்தவர் தோர்ஸ்டைன் வெப்ளன் என்னும் அமெரிக்க அறிஞர். 1899இல் வெளிவந்த 'ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு' என்னும் நூலில், பயனுக்காக அல்லாமல் பிறர் காண வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் செலவை அவர் விளக்கினார். அதைப் 'பகட்டு நுகர்வு' எனத் தமிழில் கூறலாம். இவ்வகைச் செலவில் வீண் என்பது ஒரு குறையன்று. வீணாக இருப்பதுதான் அதன் வேலையே. வீணாக்கும் அளவுக்கு என்னிடம் இருக்கிறது என்பதே செய்தி. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னிருக்கை இல்லாமல் இருப்பதையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். குடும்பத்துக்கு வேறொரு கார் வீட்டில் நிற்கிறது என்று அது சொல்லாமல் சொல்கிறது.

நம் நாட்டில் அரசாங்கமும் காரின் அந்தஸ்தை ஒருவகையில் அளந்து வைத்திருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெட்ரோல் காருக்கான சாலை வரி, இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. 1,500 சி.சி. கொண்ட சாதாரணக் காருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். 3,000 சி.சி. காருக்கு 2,130 ரிங்கிட். அதைத் தாண்டினால் ஒவ்வொரு சி.சி.க்கும் 4 ரிங்கிட் 50 சென் கூடும், 4,000 சி.சி. காருக்கு 6,630 ரிங்கிட் ஆகிவிடும். கார்களுக்கான கலால் வரியும் கொள்ளளவைப் பொறுத்து உயர்வதால், வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இங்கு வந்திறங்கும்போது அதன் விலை பல மடங்காகிவிடுகிறது.

காரோடு நின்றுவிடுவதும் இல்லை. 2012இல் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1' என்ற பதிவு எண் 520,000 ரிங்கிட்டுக்கு ஏலம் போனது. ஒரு தகட்டில் நான்கு எழுத்துருக்கள்! அதனால் கார் ஒரு மீட்டர்கூட வேகமாக ஓடப் போவதில்லை. ஆனால், வெப்ளன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்திருக்காது.

நம் அண்டை நாடான சிங்கப்பூர் இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. அங்கு 1990 முதல் கார் வாங்குவதற்கு முன் ஏலத்தில் உரிமைச் சான்றிதழ் ஒன்றைப் பெற வேண்டும். அது 10 ஆண்டுகளுக்கே செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான அந்தச் சான்றிதழின் விலை மட்டும் 150,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. சாலை நெரிசலைக் குறைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட திட்டம் அந்த வேலையைச் செய்தது உண்மை. அதே வேளையில், காரை எட்டாத உயரத்தில் வைத்ததால் அதன் மதிப்பும் உயர்ந்தது. ரொக்கம், கார், கடன் அட்டை, கொண்டோமினியம், கிளப் உறுப்பியம் ஆகிய ஐந்தையும் சேர்த்து 'ஐந்து சி' என்று அந்நாட்டினர் கேலியாகவும் ஏக்கமாகவும் கூறி வந்ததை நாம் அறிவோம். ஒரு பொருள் எட்டாமல் போகப் போக, அதை எட்டியவரை மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். விலை உயர்வு ஆசையைக் குறைக்கும் என்னும் சாதாரணப் பொருளியல் விதி இவ்விடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்மில் பலரின் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். தோட்டத்தில் ஒருவரின் படிநிலையை அவர் ஏறி வரும் வண்டியே காட்டிவிடும். துரை காரில் அல்லது ஜீப்பில் வருவார். கிராணி மோட்டார் சைக்கிளில் வருவார். பால் வெட்டும் தொழிலாளி சைக்கிளில் போவார் அல்லது நடப்பார். துரையின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓரமாக ஒதுங்கி நின்ற கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே, கார் என்பது நம் குடும்ப நினைவில் வெறும் பயண வசதியாக நுழையவில்லை. நம்மை ஒதுங்கி நிற்கச் செய்த ஒரு பொருளாகத்தான் முதலில் நுழைந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்துக்கும் தாமான் வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா அறிமுகமானது. உள்நாட்டுக் காரின் வருகையால், தவணை முறையில் கார் வாங்குவது சாதாரணத் தொழிலாளிக்கும் எட்டும் கனவாயிற்று. சாகாவின் சாவியைக் கையில் வாங்கிய அன்று கோயிலுக்குச் சென்று, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கி, குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அந்தக் காரும் ஒரு மடல்தான். 'இனி நாங்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை' என்பது அதன் வாசகம். அதில் நியாயம் இருந்தது.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பார்ப்போம். கெர்வின் சார்ல்ஸ், எரிக் ஹர்ஸ்ட், நிக்கோலாய் ருசனோவ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களின் செலவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே அளவு வருமானம் உள்ள குடும்பங்களை ஒப்பிட்டால், கறுப்பின மக்களும் ஹிஸ்பானிய மக்களும் உடை, நகை, கார் ஆகிய கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கு வெள்ளையரைவிடக் கூடுதலான பங்கைச் செலவிடுகிறார்கள் என்று கண்டார்கள். இதைக் கேட்டவுடன், 'அது அவர்களின் பண்பாடு' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால், ஆய்வாளர்கள் அங்கு நிற்கவில்லை. தம்மைச் சுற்றியுள்ள தம் இனத்தாரின் சராசரி வருமானம் குறைவாக இருக்கும் இடங்களில் வெள்ளையரும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்குக் கூடுதலாகச் செலவிடுவதை அவர்கள் கண்டார்கள்.

இதற்குக் காரணம் எளிமையானது. என்னைப் பார்க்கும் அந்நியருக்கு என் சம்பளம் தெரியாது. என் தோற்றத்தைக் கொண்டு, என் இனத்தாரின் பொதுவான நிலையை என் மீது ஏற்றிப் பார்க்கிறார். அந்தப் பொதுநிலை தாழ்வானது என்று அவர் எண்ணினால், 'நான் அப்படியில்லை' என்று காட்ட வேண்டிய சுமை என் மேல் விழுகிறது. வசதியானவன் என்று எல்லாராலும் முன்கூட்டியே நம்பப்படுபவருக்கு அந்தச் சுமை இல்லை. அவர் பழைய காரில் கிழிந்த சட்டையோடு போனாலும் 'எளிமையானவர்' என்று பாராட்டு கிடைக்கும்.

அமெரிக்க ஆய்வின் அளவுகளை நம் சமூகத்தின் மீது அப்படியே பொருத்த முடியாது. ஆனால், அதன் காரணம் நமக்குப் பழக்கமானதே. வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் அழைத்ததும் 'என்ன இனம்?' என்ற கேள்வியைச் சந்தித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பேரங்காடியில் பாதுகாவலரின் பார்வை நம்மைப் பின்தொடர்வதை உணர்ந்தவர்களும் இருக்கிறார்கள். தேசிய இடைநிலைப்பள்ளியில் நான் படித்த காலத்தில், 'உன் அப்பா என்ன கார் ஓட்டுகிறார்?' என்பது நண்பர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி. பழைய காரில் வரும் சில மாணவர்கள் பள்ளி வாசலுக்குச் சற்று முன்பே இறங்கி நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய ஒரு மாணவன் பத்து ஆண்டுகள் கழித்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால், அவன் வெறும் ஆடம்பரப் பித்தன் என்று சொல்லிவிடுவது எளிது. அவன் அந்த வாசலுக்குத்தான் இன்னும் மடல் எழுதிக்கொண்டிருக்கிறான் என்பதைப் புரிந்துகொள்வது சற்றுக் கடினம்.

மடலைப் படிப்பவர்கள்

சரி, மடல் போய்ச் சேருகிறதா? ஓரளவு சேருகிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1968இல் அந்தோணி டூப், ஆலன் குரோஸ் என்னும் இரண்டு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் செய்த ஒரு சோதனை புகழ் பெற்றது. சமிக்ஞை விளக்கு பச்சையான பிறகும் ஒரு காரை நகர்த்தாமல் நிறுத்தி வைத்தார்கள். நின்றது பழைய மலிவான காராக இருந்தால், பின்னால் இருந்தவர்களில் 84 விழுக்காட்டினர் ஹாரன் அடித்தார்கள். அது விலையுயர்ந்த புதிய காராக இருந்தால், அடித்தவர்கள் 50 விழுக்காட்டினரே. காருக்கு மரியாதை இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால், அந்த மரியாதை எத்தகையது? பின்னால் இருந்தவருக்கு முன்னால் இருந்தவரின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அவர் மதித்தது உலோகத்தை. இறங்கி வேறொரு காரில் ஏறினால் மரியாதையும் இறங்கிவிடும். 2011இல் ஜில் சண்டியும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. ஒரே ஆடவரை, போர்ஷே பொக்ஸ்டர் வாங்கியவராகவும் ஹொண்டா சிவிக் வாங்கியவராகவும் பெண்களிடம் அறிமுகப்படுத்தினார்கள். ஒருநாள் சந்திப்புக்குப் போர்ஷே வாங்கியவர் சற்றுக் கூடுதலாக விரும்பப்பட்டார். திருமணத்துக்கு ஏற்றவரா என்று கேட்டபோது அந்தக் கூடுதல் காணாமல் போனது. அவர் கார் வாங்கிய நோக்கத்தைப் பெண்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்பதும் அவ்வாய்வு சொல்லும் செய்தி.

நாம் நினைக்கும் அளவுக்குப் பிறர் நம்மைக் கவனிப்பதும் இல்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் தோமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கூச்சம் தரக்கூடிய படம் போட்ட சட்டையை அணிவித்து ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேரே. மேடை விளக்கு எப்போதும் நம் மேலேயே விழுகிறது என்பது நமது கற்பனை. எதிரே இருப்பவர் தம் மேல் விழும் விளக்கைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

கவனிப்பவர்களோ, பாராட்டுவதைவிட ஒப்பிடுவதையே அதிகம் செய்கிறார்கள். நெதர்லாந்தில் ஒரு குலுக்கல் உண்டு. வாரந்தோறும் ஓர் அஞ்சல் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, அங்குச் சீட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தோடு ஒரு பி.எம்.டபிள்யூ காரும் தருவார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசு பெறாத பக்கத்து வீட்டுக்காரர்களை ஆராய்ந்தது. பரிசு பெற்றவர்களுக்கு அருகில் வாழ்ந்தவர்கள் அடுத்த சில மாதங்களில் கார் வாங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அதாவது, ஒருவரின் கார் பக்கத்து வீட்டில் உண்டாக்கியது மரியாதையை அன்று; இன்னொரு கார் செலவை.

நம் சமூகத்தில் இந்த மடலுக்கு இன்னொரு வாசிப்பும் உண்டு. அதுதான் மிகவும் வருத்தம் தருவது. ஓர் இந்திய இளைஞர் ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்குகிறார். 'உழைத்து முன்னேறிவிட்டேன்' என்பது அவர் எழுதிய மடல். பார்ப்பவர் படிப்பது என்ன? 'இவனுக்கு எங்கிருந்து காசு வந்தது?' குண்டர் கும்பலா, சூதாட்டமா, அப்பன் காசா என்ற ஊகம் ஓடுகிறது. இந்த ஊகத்தைச் செய்பவர்கள் பிற இனத்தார் மட்டும் அல்லர். அதே தேநீர்க்கடையில் பக்கத்து மேசையில் இருக்கும் நம்மவர்களும்தான். ஏழை என்ற முத்திரையை அழிப்பதற்காக எழுதப்பட்ட மடல், குற்றவாளி என்ற முத்திரையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இதே காரை வேறொருவர் ஓட்டினால் 'தொழிலதிபர்' என்போம். காரில் எழுதியிருப்பதை மட்டும் மக்கள் படிப்பதில்லை; ஓட்டுபவரைப் பற்றித் தாங்கள் ஏற்கெனவே நம்பியதையும் சேர்த்தே படிக்கிறார்கள். காரை மாற்றுவதால் அந்த நம்பிக்கை மாறிவிடாது.

கட்டணம் யாருடையது?

இனி விலையைப் பார்ப்போம். ஒரு பட்டதாரி மாதம் 3,000 ரிங்கிட் சம்பளத்தில் வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 90,000 ரிங்கிட்டுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கிறார். 9,000 ரிங்கிட் முன்பணம். 81,000 ரிங்கிட் கடன். ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலைவட்டி. 7 ஆண்டுத் தவணை. நிலைவட்டி முறையில், தொடக்கக் கடன் முழுவதற்கும் ஒவ்வோர் ஆண்டும் வட்டி கணக்கிடப்படும். 81,000 ரிங்கிட்டுக்கு 7 ஆண்டு வட்டி 19,845 ரிங்கிட். மொத்தம் 100,845 ரிங்கிட். 84 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 1,200 ரிங்கிட்.

கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறையாததால், 3.5 விழுக்காடு என்று விளம்பரத்தில் காணப்படும் இந்த வட்டி உண்மையில் 6.4 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட் போய்விடும். அதோடு காப்புறுதி, பெட்ரோல், டயர், டோல் கட்டணம், பட்டறைச் செலவு. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வேறு காத்திருக்கிறது. கையில் மிஞ்சுவதைக் கொண்டு அவர் வாடகையும் கட்டி, வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். வழக்கமாக நடப்பது என்னவென்றால், அம்மாவுக்கு அனுப்பும் பணம்தான் முதலில் குறையும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'நான் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன்' என்று அவர் சொல்கிறார். 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, கடன் தீரும்வரை அந்தக் காரின் உரிமையாளர் நிதி நிறுவனம்தான். நம் பட்டதாரிக்குச் சட்டம் தரும் பெயர் 'வாடகைக்கு எடுத்தவர்'. தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், உரிய அறிவிப்புக் கொடுத்துக் காரை மீட்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். 'காரை இழுத்துட்டாங்க' என்று நம் ஊரில் மெல்லிய குரலில் சொல்லப்படும் செய்தி இதுதான். இழுத்த பிறகு கதை முடிவதும் இல்லை. ஏலத்தில் கிடைத்த தொகை கடனுக்குப் போதாவிட்டால், மீதியை அவரே கட்ட வேண்டும். கார் இல்லாமல் கார்க் கடன் கட்டுபவர்கள் நம்மிடையே உண்டு. சம்பளம் போதாமல் அப்பாவின் பெயரில் கடன் எடுத்திருந்தால், பணி ஓய்வு பெறும் வயதில் வங்கிக் கடிதம் அப்பாவின் பெயருக்கு வரும். நம் நாட்டில் திவாலானவர்களின் காரணங்களில் வாகனத் தவணைக் கடன் முக்கியமான ஒன்றாக இடம்பெற்று வந்திருப்பதில் வியப்பில்லை.

திருவள்ளுவர் இதை 48ஆம் அதிகாரமான வலியறிதலில் சொல்லி வைத்திருக்கிறார். மயிலிறகு எடையற்றதுதான்; ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்னும் அவருடைய உவமையை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அரசனின் படைவலிக்கு அவர் சொன்னது மாதத் தவணைக்கும் பொருந்துகிறது. கார், கைப்பேசி, காப்புறுதி, கடன் அட்டை என ஒவ்வொரு தவணையும் தனித்தனியே பார்த்தால் மயிலிறகுதான். வண்டியில் ஏற்றப்பட்ட பொருள் மயிலிறகு என்பதையும் கவனியுங்கள். அழகுக்காகப் பிறர் பார்க்கும் பொருள் அது.

காரை உண்மையாக நேசிப்பவர்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு, காரைக் காருக்காகவே நேசிப்பவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். வார இறுதியில் கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு பட்டறையில் நிற்கும் நண்பர்களை நான் அறிவேன். வளைவில் திரும்பும்போது சக்கரம் சாலையைப் பற்றுவதைப் பற்றி அவர்கள் பேசினால் நேரம் போவது தெரியாது. 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயங்களைப் புல்வெளியில் அமர்ந்து பார்த்து வளர்ந்த தலைமுறை அது. கோயம்புத்தூரில் பிறந்து, 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அதே செப்பாங்கில் ஓட்டியதை நம்மவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

நம் மண்ணின் எடுத்துக்காட்டு கரம்ஜித் சிங். புரோட்டோன் பெயர் தாங்கிய காரை ஓட்டி, 2002இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்ற மலேசியர் அவர். அவரைப் பற்றிப் பேசும்போது கார் அவருடையதா, கடனில் வாங்கியதா, அதன் விலை என்ன என்று எவரும் கேட்பதில்லை. ஓட்டும் திறன் அவருடையது, அது போதும்.

இங்கே ஒரு சோதனை நமக்குக் கிடைக்கிறது. கார் வாங்க நினைப்பவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: 'இதை வாங்கியதாக யாரிடமும் சொல்லக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தெரிந்தவர் யாரும் பார்க்கக் கூடாது என்றால், இதே விலைக்கு வாங்குவேனா?' ஆம் என்று மனம் சொன்னால், அவர் உண்மையான கார்ப் பிரியர். வருமானம் இடம் கொடுக்கும்போது வாங்கட்டும், மகிழட்டும். இல்லை என்று சொன்னால், அவர் வாங்கப்போவது காரை அன்று, பிறரின் எண்ணத்தை. அது விற்பனைக்குக் கிடைக்கும் பொருளன்று.

படிப்பவர்களின் கடமை

பொதுவாக, இத்தகைய கட்டுரைகள் இளைஞர்களுக்கு அறிவுரை சொல்லி முடிந்துவிடும். ஆனால், மடல் எழுதுபவரை மட்டும் குறை சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். மடலைக் கேட்டு வாங்குபவர்கள் யார்? நாம்தான். திருமண மண்டபத்தில் உறவினர் ஒருவரைச் சந்தித்தால் உரையாடல் எப்படிப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

"என்ன தம்பி, படிப்பு முடிஞ்சதா?"

"இன்னும் ஒரு வருசம் இருக்கு மாமா."

"நல்லது. அப்புறம், என்ன வண்டி எடுக்கப் போற?"

என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்ற கேள்விக்கு முன்பாகவே வண்டி பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. மாமா கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை; அன்பாகத்தான் கேட்கிறார். அவருக்குத் தெரிந்த முன்னேற்றத்தின் அளவுகோல் அது. ஆனால், அப்படிக் கேட்கும் பத்து மாமாக்களுக்கும் ஐந்து அத்தைகளுக்கும் பதில் சொல்வதற்காகவே ஓர் இளைஞர் ஏழாண்டுத் தவணையில் கையெழுத்துப் போடுகிறார். பழைய மைவியில் வந்த பட்டதாரியைப் பார்த்து 'இதுதானா?' என்று சிரிப்பவர்களும், வாடகை ஸ்போர்ட்ஸ் காரில் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் எழுந்து நின்று படம் எடுப்பவர்களும் அந்தக் கடன் பத்திரத்தில் பெயர் இல்லாத சாட்சிகள்.

அந்நியர்கள் நம்மை எப்படிப் படிக்கிறார்கள் என்பது ஒரே நாளில் நம் கையால் மாறக்கூடியதன்று. அதற்குக் கல்வி, வேலை வாய்ப்பு, சட்டம் எனப் பெரிய வழிகள் வேண்டும். ஆனால், நாம் ஒருவரையொருவர் எப்படிப் படிக்கிறோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம் இதை இங்கேயே தொடங்கலாம். வேலைக்குச் சென்ற மூத்த மாணவர் நம் நிகழ்ச்சிக்கு வந்தால், வண்டியைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பற்றிக் கேட்போம். ஸ்போர்ட்ஸ் காரில் வரும் நம் இளைஞரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்காமல், உழைத்து வாங்கியிருப்பார் என்று முதலில் நம்புவோம். தவணை கட்ட முடியாமல் திணறும் நண்பரிடம் 'அப்போதே சொன்னேனே' என்று சொல்லாமல், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்துக்கு அவரோடு நாமும் போவோம். அங்கு ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, வெட்கமும் தேவையில்லை.

முடிவுரை

ஸ்போர்ட்ஸ் கார் மீதான ஆசைக்குப் பின்னால் நூறாண்டு நினைவு இருக்கிறது. துரையின் வண்டிக்கு ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் சாலையின் நடுவில் ஓட்ட விரும்புவதில் தவறில்லை. ஆனால், பிறரின் மதிப்பைத் தவணை முறையில் வாங்க முயன்றால், கடைசித் தவணை கட்டும் நாளில் கார் பழையதாகியிருக்கும்; பார்த்தவர்கள் அடுத்த காரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டுபவர் தம் வலிமை அறிந்து வாங்க வேண்டும். பார்ப்பவர்களாகிய நாமும், காரின் கதவு திறந்து இறங்கி வருபவரைப் பார்க்கப் பழக வேண்டும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நம் தம்பி தங்கையரிடம், 'பெரியவனானால் என்ன கார் வாங்குவாய்?' என்று விளையாட்டாகக் கேட்பதை விட்டுவிட்டு, 'இப்போது என்ன புத்தகம் படிக்கிறாய்?' என்று கேட்டுப் பார்ப்போம். அளவுகோல் அங்கிருந்து மாறத் தொடங்கட்டும்.